படகு வண்டிக்கு எதற்குப் பிரேக்?

தம்பிகளா, பிரேக் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாழ்த்த எனக்கு வராது, திட்டத்தான் வரும். இந்தத் தொழிலில் உங்களைப் பாராட்ட ஒருவனும் வரமாட்டான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் வேலை பார்ப்பவனுக்கு வண்டி உறுமியதும் மரியாதை கிடைத்துவிடும். பெயின்டருக்குப் பார்த்த மாத்திரத்தில் கிடைக்கும். நம் வேலை சரியாக இருந்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்? வண்டி ஓடவில்லை என்றால் வாடிக்கையாளர் வந்து திட்டுவார். நிற்கவில்லை என்றால் திட்டக்கூட வரமாட்டார்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் பட்டறை வைத்திருந்தேன். இப்போது மருமகன் பார்க்கிறான், நான் வீட்டில் உட்கார்ந்து அவனைக் குறை சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கண்ட ஒரே உண்மை இதுதான்: கையில் காசு குறையும்போது மனிதன் எதை முதலில் வெட்டுகிறான் என்று பார்த்தால் அவன் புத்தி தெரிந்துவிடும். பாட்டுக் கேட்கும் பெட்டிக்குக் காசு இருக்கும். சீட் கவருக்கு இருக்கும். கண்ணாடிக்கு முன்னால் ஆடும் பொம்மைக்கும் இருக்கும். பிரேக் ஷூ என்று சொன்னதும் முகம் சுருங்கி, "பாய், இன்னும் ஒரு ஆறு மாசம் ஓடாதா?" என்பார்கள். ஓடும் ஐயா, ஓடுவதில் என்ன கஷ்டம்? நிற்பதுதான் கேள்வி.

இப்படிப்பட்டவர்களை வரிசையாக நிற்க வைத்தால் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் போகும். அந்த வரிசையிலிருந்து ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். பொழிச்சலூர் பக்கம் ஒரு கொட்டகையில் ஃபைபர் படகு செய்துகொண்டிருந்தார்கள். கரையோரக் குப்பங்களில் படகைப் பறிகொடுத்தவர்கள் அங்கே வந்து காத்துக் கிடந்தார்கள். செய்த படகைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டுமே? லாரியில் ஏற்றினால் இறக்குவதற்கு கிரேன் வேண்டும். அதனால் இரண்டு சக்கர டிரெய்லரில் படகை வைத்து ஜீப்பில் இழுத்துப் போவார்கள். கரைக்குப் போனதும் ஜீப்பைப் பின்னால் எடுத்து டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். படகு தானாக மிதக்கும், டிரெய்லர் காலியாகத் திரும்பும். நல்ல யோசனைதான். என்ன, ஒவ்வொரு தடவையும் சக்கரம் இரண்டும் உப்புத் தண்ணீரில் முங்கி எழும்.

அப்படி ஒரு டிரெய்லரோடு ஏழுமலை வந்தான். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரன். அவன் படகும் வலையும் சுனாமியில் போய்விட்டன. எங்கேயோ ஒரு பழைய டிரெய்லரை வாங்கி, மற்றவர்களுடைய புதுப் படகுகளை வாடகைக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அதில் சேர்வதை வைத்து அதே கொட்டகையில் தனக்கும் ஒரு படகு செய்யச் சொல்லியிருந்தான். கூட அவன் மனைவி தனம். அவளை எனக்கு முன்பே தெரியும். சேலையூர் முனையில் மீன் கூடை வைத்திருப்பவள், என் வீட்டுக்காரியோடு பேரம் பேசிச் சண்டை போடாமல் ஒரு நாளும் கூடையைத் தூக்கியதில்லை. மூன்றாவது ஆள் தனத்தின் தம்பி குமார். ஜீப் அவனுடையது. வாயும் அவனுடையதுதான்.

"இன்னா பாய், பிரேக்கப் பாரு பிரேக்கப் பாருன்னு அக்கா ஒரே பேஜார் பண்ணிகினு கீது. நீங்களே பாத்து ஒண்ணியும் இல்லன்னு சொல்லிடுங்க" என்று ஆரம்பித்தான்.

பார்த்தேன். ஒன்றும் இல்லைதான். சக்கரத்தோடு சுற்றும் இரும்புச் சட்டியைத்தான் டிரம் என்போம், இடது பக்கத்து டிரம் துருவேறி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, சுத்தியலால் அடித்தும் கழன்று வரவில்லை. வலது சக்கரத்து டிரம் கழன்றது, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கிற ஷூவே கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் கழற்றி எறிந்துவிட்டு மூடி வைத்திருக்கிறான். ரப்பர் ஹோஸ் ஊறிப்போய் விரல் பட்டால் பிய்ந்தது. இது உள்ளே. வெளியே பச்சையும் மஞ்சளுமாகப் பளபளவென்று புதுப் பெயின்ட், மட்கார்டுக்கு ஒரு தாமரை, பின்னால் வளைவு எழுத்தில் 'கடல் ராஜா'. பெயின்டருக்குக் கொடுத்ததில் பாதி இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் ஷூவும் அதன் மேல் உராய்ந்து பிடிக்கும் லைனிங்கும் போட்டிருக்கலாம். ராஜாவுக்குக் கிரீடம் இருந்தது, கால்தான் இல்லை.

"ஜீப்புல பிரேக் கீது பாய். பின்னாடி வர்றதுக்கு எதுக்கு? அது இன்னா தனியாவா ஓடுது?" என்று கேட்டான் குமார்.

"மாடிப்படியில நீ இறங்கறப்ப பின்னால இருந்து ஒருத்தன் தள்ளினா நீ மட்டும் நின்னுடுவியா?" என்று கேட்டேன்.

அந்த டிரெய்லரில் பிரேக் வேலை செய்யும் விதமே இந்தத் தள்ளுதலை வைத்துத்தான். ஜீப் வேகம் குறைத்தால் டிரெய்லர் முன்னால் வந்து முட்டும். அந்த முட்டுகிற அழுத்தம், ஜீப்போடு சேரும் கழுத்தில் இருக்கும் ஒரு சிலிண்டரை அமுக்கி, இரண்டு சக்கரத்திலும் பிரேக் பிடிக்க வைக்கும். தள்ள வருகிறவனே தன் காலைக் கட்டிக்கொள்கிற ஏற்பாடு. செய்தவன் மூளைக்காரன், வாங்கியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழுமலை தன்னால் முடிந்த ஒரு தொகையைச் சொன்னான். அதற்கு மேல் முடியாது என்றான். பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. காசு இல்லாதவனை நான் ஒருநாளும் இளப்பமாகப் பேசியதில்லை. காசு இல்லை என்பதைச் சாக்காக வைத்து மூளையையும் வீட்டில் விட்டு வருகிறவனைத்தான் எனக்குப் பிடிக்காது.

இனிமேல்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். குறைந்த காசில் சாமான் தேடப் போனால் மூன்று பேர் உங்களுக்கு யோசனை சொல்ல வருவார்கள்.

முதலில் வந்தவர் எனக்குத் தெரிந்த ஒரு சாமான் கடைக்காரர். வழுவழு அட்டையில் அச்சடித்த படம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். வெளிநாட்டு டிஸ்க் பிரேக், துருப்பிடிக்காத இரும்பு, படகு டிரெய்லருக்கென்றே செய்தது. "போட்டா ஆயுசுக்கும் கவலையில்ல பாய்" என்றார். விலையைக் கேட்டால் ஏழுமலைக்கு இந்த ஆயுசு போதாது. விலையை விடுங்கள். அதில் ஒரு ரப்பர் வளையம் கிழிந்தால் கப்பலில் வரும் வரைக்கும் வண்டியை நிறுத்தி வைத்துக் கும்பிட வேண்டியதுதான். கடல் தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு எந்தச் சாமானும் சாசுவதம் இல்லை. அதனால் உயர்ந்ததைத் தேடாதே, மேடவாக்கத்திலும் கிடைக்கும், கோவளத்திலும் கிடைக்கும் என்பதைத் தேடு. கெட்டுப்போனால் மறுநாளே மாற்றலாம். கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டாவது யோசனை குமாருடையது. எங்கேயோ போய் ஒரு கோணிப்பை நிறைய பிரேக் சாமான் அள்ளி வந்தான். "எல்லாம் ஒரிஜினல் பாய். புச்சு மாதிரி கீது பாருங்க." கறுப்புப் பெயின்டில் எல்லாமே மினுமினுத்தன. பழைய சாமானுக்குப் பெயின்ட் அடித்து விற்கிறவனுக்கும், முகத்தில் மாவு பூசி வயதை மறைக்கிறவனுக்கும் நோக்கம் ஒன்றுதான். ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரை எடுத்து உள்ளே விரலை விட்டு நகத்தால் சுரண்டினேன். சொரசொரவென்று குழி. அதில் எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் ஒரு மாசத்தில் கசியும். கோணிப்பையைக் குமாரின் தலையிலேயே ஏற்றி அனுப்பினேன்.

மூன்றாவது யோசனைதான் மிகவும் மோசம். ஏனென்றால் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஏழுமலையே கேட்டான்: "ஒரு பக்கம் மட்டும் இப்ப போடுங்க பாய். இன்னொரு பக்கத்த அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

ஒரு பக்கப் பிரேக்குக்குப் பிரேக்கே இல்லாதது மேல். ஒரு சக்கரம் பிடித்து இன்னொன்று ஓடினால் டிரெய்லர் அப்படியே திரும்பி, பக்கத்தில் வருகிற ஸ்கூட்டர்காரனை வாரிக்கொண்டு போகும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் தனம் குறுக்கே வந்தாள்.

"நாறிப்போன மீன பாதி வெலைக்கு வாங்கினா வயித்து வலியும் பாதியாவா வரும்? அவர் சொல்றத்த செய்யி" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

எங்கள் தொழிலில் பெரிய பெரிய ஆட்கள் மேடை போட்டுப் பேசியும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

கடைசியில் நான் செய்தது இது. நம் ஊரில் தெருவுக்கு நாலு ஓடுகிற ஒரு வேனின் பின்சக்கர பிரேக்கை அப்படியே எடுத்து டிரெய்லருக்குப் பொருத்தினேன். டிரம்மும் அதன் பின்தட்டும் பழையதாகவே வாங்கினேன். டிரம்மைச் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரிக் கேட்க வேண்டும், விரிசல் இருந்தால் உடைந்த பானை மாதிரிக் கேட்கும். நல்லதாகப் பொறுக்கி, லேத்தில் கொடுத்து உள்பக்கம் கடைந்து வாங்கினேன். சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் புதிது, இரண்டு பக்கமும். பார்த்தும் தட்டியும் சோதிக்க முடிந்ததைப் பழையதாக வாங்கலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாததைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் சின்னத் தொகையிலும் பிரேக் போடலாம். ஏழுமலை சொன்ன தொகைக்குள் வேலை முடிந்தது. குமார் கேட்ட பளபள வீல் கப்புக்கு மட்டும் மிச்சமில்லை, அதற்கு அவன் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

"படகு மட்டுந்தான ஏத்துவீங்க?" என்று கேட்டுக்கொண்டேன். "படகு மட்டுந்தான் பாய்" என்றான் ஏழுமலை.

வண்டியை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு வைத்தியம் சொன்னேன். கடலில் இறக்கி ஏற்றியதும் நல்ல தண்ணீர் ஊற்றிச் சக்கரத்தைக் கழுவ வேண்டும், பக்கத்துக்கு ஒரு குடம் போதும் என்றேன். தனம் சிரித்துவிட்டாள்.

"எங்களுக்குக் குடிக்கவே லாரி வந்தாத்தான் தண்ணி. கொடம் வெச்சிகினு அடிச்சிக்கறோம். சக்கரத்துக்குக் குளிப்பாட்டணுமா?"

"நான் பாத்துக்கறேன் பாய். துரு ஏறாம பாத்துக்கறது என் பொறுப்பு" என்றான் ஏழுமலை. பொறுப்பு என்ற சொல்லை யாராவது அழுத்திச் சொன்னால் இப்போதெல்லாம் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவிடுவேன். அப்போது கேட்கவில்லை.

சில மாதம் போயிற்று. வாரத்துக்கு ஒரு தடவையாவது பட்டறையைத் தாண்டிப் படகு இழுத்துப் போவார்கள். குமார் ஹாரன் அடித்துக் கையை ஆட்டுவான். பிரேக்கைப் பற்றிப் புகார் எதுவும் வரவில்லை. வெறும் படகுதானே, ஜீப்பின் பிரேக்கே சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலையில் தெருவெல்லாம் மேளச் சத்தம். ஏழுமலையின் சொந்தப் படகு தயாராகிவிட்டது. சிவப்பும் நீலமுமாக டிரெய்லரில் வந்து பட்டறை வாசலில் நின்றது. முன்மூக்கில் மாலை, எலுமிச்சம்பழம், வேப்பிலை. படகுக்குள்ளே ஆட்கள்! மாமன், மச்சான், சித்தி, பெரியப்பா, இரண்டு மேளக்காரர்கள், எல்லோருக்கும் முன்னால் தனம், மடியில் அவளுடைய கைக்குழந்தை. அவர்கள் வகையறாவில் அப்படி ஒரு வழக்கமாம். இழந்த பிறகு வருகிற படகை வெறுமையாகக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது, சொந்த ரத்தம் ஏறி உட்கார்ந்து கொண்டுபோக வேண்டும். படகு மட்டுந்தான் பாய் என்று சொன்னவன் வேட்டி சட்டையோடு இறங்கி வந்து தட்டிலிருந்து லட்டை எடுத்து நீட்டினான்.

வாங்கி வாயில் வைக்கப் போனேன். மல்லிகை வாசம், ஊதுபத்தி வாசம், நடுவிலே மீன் எண்ணெய் நாற்றம். மீனவர் வீட்டு விசேஷத்தில் மீன் வாசம் வராதா என்று நீங்கள் கேட்கலாம். மீன் எண்ணெய் மரப் படகுக்குப் பூசுவது. ஃபைபர் படகுக்கு அது எதற்கு? மூக்கை விட்டுத் தேடிக்கொண்டே குனிந்தேன். நாற்றம் சக்கரத்திலிருந்து வந்தது.

"ஏழுமலை, சக்கரத்துல என்னப்பா தடவுன?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி இருந்தான். "மீனெண்ணெ பாய்! எங்கப்பா கட்டுமரக் கட்டைக்கு அத்தத்தான் பூசுவாரு, உப்பு அண்டாது. ஒவ்வொரு வாட்டியும் கடல்ல எறக்கிட்டு வந்ததும் டிரம்ம கழட்டி உள்ள இருக்கற எல்லாத்துக்கும் தடவிடுவேன். நீங்க கழட்டறப்ப பாத்துக் கத்துகினேன். ஒரு பொட்டு துரு இல்ல, வேணா பாருங்க."

துரு இல்லைதான். இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்தேன். லைனிங், டிரம், ஷூ எல்லாம் வடைச்சட்டியில் முக்கி எடுத்ததுபோல மின்னின. கல்யாணப் பந்தியில் வைக்கலாம், பிரேக் பிடிக்காது. பிடிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் தடவினால் அது எப்படிப் பிடிக்கும்? சோம்பேறி ஒருவன் செய்த கெடுதலை ஒரு நாளில் சரி செய்துவிடலாம். இவன் சோம்பேறி இல்லை. அக்கறையாக, ஒரு தடவைகூடத் தவறாமல், மாதக்கணக்காகத் தன் குடும்பத்துக்குக் குழி தோண்டியிருக்கிறான்.

"வர்ற வழியில எதாவது தெரிஞ்சதா?" என்று குமாரைக் கேட்டேன்.

"பாலம் எறங்கறப்ப கொஞ்சம் தள்ளிச்சு. முன்னாடி பஸ்ஸு இல்ல, அப்டியே வுட்டுட்டேன்" என்றான். பஸ் இல்லையாம். அவ்வளவுதான், அந்தக் குழந்தையின் ஆயுளுக்கு அந்த ஒரு பஸ் வராததுதான் காரணம். லட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

எல்லோரும் இறங்குங்கள், வண்டி போகாது என்றேன். எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! ஏழுமலையின் பெரியப்பாதான் அதில் மூத்தவர். "நல்ல நேரத்துல படக எறக்கணும் பாய். அங்க கரையில ஊரே காத்துகினு கீது. பாதி வழியில எறங்கச் சொன்னா அபசகுனம். வழிய வுடு" என்று கையை ஆட்டினார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த நிமிஷத்திலேயே மெக்கானிக் ஆகிவிட்டார்கள். துணியால் துடைத்துவிடு என்றான் ஒருவன். பெட்ரோல் ஊற்று என்றான் இன்னொருவன். மண்ணை அள்ளிப் போட்டால் எண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும் என்று மேளக்காரர் ஒருவர் சொன்னார், அவர் மேளத்தோடு நின்றிருக்கலாம். தம்பிகளா, லைனிங் ஒரு முறை எண்ணெய் குடித்தால் குடித்ததுதான். மேலே எவ்வளவு துடைத்தாலும் சூடு ஏறியதும் உள்ளேயிருந்து வியர்க்கும். மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மாற்றுவதற்கு அன்றைக்குப் பொழுது பத்தாது.

என் மனதில் என்னவெல்லாமோ ஓடியது. ஜீப் சாவியைப் பிடுங்கலாம், கைகலப்பு வரும். போலீசுக்குச் சொல்லலாம், அவர்கள் வருவதற்குள் இவர்கள் மேடவாக்கம் தாண்டியிருப்பார்கள். விசேஷத்துக்குப் போகிற படகை ஒரு பாய் பாதியில் நிறுத்திவிட்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு கிளம்பலாம், அதுவும் ஓடியது. போனால் போகட்டும், நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று பட்டறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளவும் ஒரு வழி இருந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்வார்கள், செய்துவிட்டு "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். உலகத்திலேயே உதவாக்கரையான வாக்கியம் அதுதான்.

கூச்சல் போடுகிறவனிடம் வாதம் செய்யக்கூடாது. அவன் கண்ணுக்குக் காட்ட வேண்டும். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், மணலும் காலி சிமென்ட் சாக்குகளும் கிடந்தன.

"பெரியவரே, உங்க நல்ல நேரத்துல எனக்குக் கொஞ்சம் குடுங்க. நீங்க எத்தன பேர் உக்காந்தீங்களோ அத்தன மூட்ட மணல அதே எடத்துல வைக்கறேன். ஏரிக்கரைச் சரிவுல மெதுவா எறக்கி பிரேக் போட்டுப் பாக்கறோம். வண்டி நின்னுட்டா மேளத்தோட ஏறிப் போங்க, நானே தேங்காய் உடைக்கறேன்" என்றேன்.

பெரியப்பா யோசித்தார். தனம் யோசிக்கவில்லை, குழந்தையோடு இறங்கிவிட்டாள். அவள் இறங்கியதும் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மேளக்காரர்கள்கூட மணல் அள்ளினார்கள். ஒவ்வொருவர் உட்கார்ந்த இடத்திலும் ஒரு மூட்டை. தனம் உட்கார்ந்த முன்மூக்கில் ஒன்று. அதன் மேல் ஒரு சின்னத் துணிப்பையில் நாலு கை மணல் போட்டு வைத்தேன், மடியில் இருந்ததற்காக.

ஏரிக்கரைச் சாலை நீளமான சரிவு, அந்த நாளில் ஆள் நடமாட்டம் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தி வழியை மறித்தோம். சரிவு முடிகிற இடத்தில் ஒரு ஓரமாக ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். குமார் ஸ்டீயரிங்கைப் பிடித்தான், பக்கத்து சீட்டில் நான் ஏறிக்கொண்டேன். சோதனை என்னுடையது, அவனை மட்டும் அனுப்பி வேடிக்கை பார்க்க முடியுமா?

"மெதுவாவே போ. நான் சொன்னதும் பிரேக்க அமுக்கு. தள்ளினா ஜல்லிப் பக்கம் திருப்பு" என்றேன்.

"சும்மா பயமுறுத்தாத பாய்" என்றான்.

மெதுவாகத்தான் போனோம். சைக்கிள்காரன் முந்திவிடுவான், அவ்வளவுதான் வேகம். பாதிச் சரிவில் அமுக்கச் சொன்னேன், அமுக்கினான். ஜீப் நின்றது. நின்ற அதே நொடியில் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி முன்னால் போனது. குமார் பிரேக் மேல் ஏறி நிற்கிறான், நான்கு டயரும் கதறுகின்றன, ஜீப் போய்க்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் விலகி ரோட்டின் குறுக்கே திரும்ப ஆரம்பித்தது. "ஆண்டவா" என்று அவனும் "அல்லா" என்று நானும் சேர்ந்தே கத்தினோம். எப்படியோ ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டான். ஜல்லிக் குவியலில் போய்ப் புதைந்து நின்றோம்.

படகைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், அது நகரவில்லை. மூட்டைகளை யார் கட்டினார்கள்? எல்லாம் முன்னால் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. முன்மூக்கில் இருந்தது மாலையை அறுத்துக்கொண்டு கீழே விழுந்து வாய் பிளந்து கிடந்தது. அதன் மேல் வைத்த சின்னப் பை ஜீப்பையும் தாண்டிப் போய் ரோட்டில் விழுந்து வெடித்திருந்தது.

மேலேயிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். தனம் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து போய், அந்தக் கொஞ்ச மணலுக்கு முன்னால் நின்றாள். இடுப்பில் குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"இது பாப்பாவா பாய்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. ஏழுமலைதான் நடுரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "துரு ஏறக்கூடாதுன்னுதான பாய் செஞ்சேன், துரு ஏறக்கூடாதுன்னுதான" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே இரக்கமும் வந்து தொலைத்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பெரியப்பா வேப்பிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்ல நேரம் இன்னொரு நாளும் வரும்டா, எழுந்திரு" என்றார். அபசகுனம் என்று அப்புறம் ஒருவரும் சொல்லவில்லை. குமாரிடமிருந்து அன்று மாலை வரைக்கும் ஒரு சொல் வரவில்லை. அவனை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

லைனிங்கைப் புதிதாக அடித்து, எண்ணெய் குடித்த ரப்பர்களையும் மாற்றி, இரண்டு டிரம்மையும் கழுவிக் காயவைத்துப் பொருத்தினேன். அதே மணல் மூட்டைகளை ஏற்றி அதே சரிவில் இறக்கிப் பார்த்தோம். நடுச்சரிவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அப்படியும் தனம் படகில் யாரையும் ஏறவிடவில்லை. வழக்கம் என்ன ஆவது என்று சித்தி ஒருத்தி கேட்டதற்கு, கரையில் போய்த் தண்ணீரில் மிதந்த பிறகு ஏறிக்கொள்ளுங்கள், அதுவும் சொந்த ரத்தம்தான் என்றாளாம்.

அடுத்த நல்ல நாளில் படகு காலியாக முன்னால் போயிற்று. நாங்கள் ஷேர் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனோம். என்னையும் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார்கள். கரையில் ஊரே திரண்டிருந்தது. குமார் ஜீப்பைப் பின்னால் எடுத்தான், டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்கியது, படகு ஒரு குலுக்குக் குலுக்கி மிதந்தது. பட்டாசு வெடித்தார்கள். ஏழுமலையும் சொந்தக்காரர்களும் தாவி ஏறினார்கள். காலி டிரெய்லரைக் குமார் இழுத்து மணல்மேட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். எல்லோருடைய கண்ணும் கடலைப் பார்த்தபடி இருந்தது.

தனத்தைத் தேடினேன். படகிலும் இல்லை, கூட்டத்திலும் இல்லை. டிரெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மணலில் உட்கார்ந்து கையை அடித்துக்கொண்டிருந்தது. அருகில் இரண்டு பிளாஸ்டிக் குடம், நிறைய லாரித் தண்ணீர். ஒரு குடத்தைச் சாய்த்து இடது சக்கரத்தை இண்டு இடுக்கு விடாமல் கழுவிக்கொண்டிருந்தாள். கடல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஏம்மா, உன் படகு மொத அலை தாண்டுது, போய்ப் பாரு" என்றேன்.

"அது போய்ட்டு வந்துடும் பாய்" என்றாள், திரும்பாமலேயே.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு வலது சக்கரத்துக்குப் போனேன்.